வழக்கமான ஆயில் மாற்றத்திற்கு நம்பி விடக்கூடிய பட்டறையை எப்படிக் கண்டறிவது?

நெடுவழிப்பயணி எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். என்னிடம் இருப்பது ஆறு ஆண்டுகள் ஓடிய சிறிய பெட்ரோல் கார். உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது. பணிமாறுதலில் புதிய ஊருக்கு வந்த பிறகு, வீட்டிற்குப் பக்கத்தில் இருக்கிறது என்ற ஒரே காரணத்திற்காக ஒரு பட்டறையில் ஆயில் மாற்றக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். ‘எஞ்சின் ஆயில் 4 லிட்டர், ஆயில் ஃபில்டர், டிரெயின் வாஷர்’ என்று பில்லில் மூன்று வரிகள் இருந்தன. நானும் மறுபேச்சில்லாமல் பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து, வண்டி நிற்கும் இடத்தில் கைக்குட்டை அகலத்திற்கு ஒரு கறை தெரிந்தது. வண்டி விவரம் அறிந்த உறவினர் ஒருவர் கீழே குனிந்து பார்த்துவிட்டு, ஃபில்டரின் மேல் புழுதி இறுகிப்போய் விளிம்பில் துருவும் ஏறியிருப்பதால் அது புதியதாக இருக்க வாய்ப்பே இல்லை என்றும், ஆயில் வடியும் துளையை மூடும் டிரெயின் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கியிருப்பதால் அதன் மரை கெட்டிருக்கலாம் என்றும் சொன்னார். ஆயில் மட்டத்தைப் பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் மேல்கோட்டையும் தாண்டி ஒரு விரல் அகலம் ஏறியிருந்தது. கையேட்டிலோ ஃபில்டரையும் சேர்த்து 3.5 லிட்டர் என்றுதான் போட்டிருக்கிறது. பட்டறையில் போய்க் கேட்டபோது, அதனால் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது என்ற பதிலோடு முடித்துக்கொண்டார்கள்.

பெரிய பழுது என்றால் நான்கு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் வண்டியைக் கொடுப்போம். ஆயில் மாற்றுவது சின்ன வேலைதானே என்று அலட்சியமாக இருந்தது என் தவறு. எஞ்சினைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாத என்னைப் போன்றவர், ஒரு பட்டறை நாணயமானதா என்பதை வண்டியை விடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா? நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்கே போய்விடுவதுதான் பாதுகாப்பா? வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்ப்பது மெக்கானிக்கை அவமதிப்பதாக ஆகிவிடுமா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பட்டறைக்காரன் எழுதியது:

ஐயா, இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன், முதலில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மேல்கோட்டுக்கு மேலே ஒரு விரல் ஏறியிருக்கும் ஆயிலோடு நெடுந்தூரம் ஓட்டாதீர்கள். ஆயில் மட்டம் மிகவும் உயர்ந்துவிட்டால், எஞ்சினின் அடியில் சுழலும் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்ட் அதில் தோய்ந்து, தயிர் கடைவது போல் அதை நுரைக்க வைத்துவிடும். நுரை கலந்த ஆயிலைப் பம்பு உறிஞ்சும்போது அழுத்தம் குறைந்து, பேரிங்குகளுக்குப் போய்ச் சேர வேண்டிய உயவு சரியாகப் போய்ச் சேராது. ஆகவே ‘ஒன்றும் ஆகாது’ என்று சொன்னது தவறு. யாராவது ஒரு மெக்கானிக்கைக் கொண்டு, கூடுதலாக இருப்பதை உடனே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் வண்டிக்கு 3.5 லிட்டர் என்பது ஃபில்டரையும் மாற்றினால் பிடிக்கும் அளவு. ஃபில்டரைக் கழற்றாவிட்டால் அதற்குள் பழைய ஆயில் கால் லிட்டர் அளவுக்கு அப்படியே நிற்கும். நான்கு லிட்டர் கேனை முழுவதுமாகக் கவிழ்த்ததோடு இதுவும் சேர்ந்துகொண்டதால்தான் மட்டம் இவ்வளவு ஏறியிருக்கிறது. உங்கள் உறவினர் ஃபில்டரைப் பார்த்துச் சொன்னதை டிப்ஸ்டிக்கும் சொல்கிறது.

இனிக் கேள்விக்கு வருகிறேன். பட்டறைக்குப் போன் செய்து, என்ன விலை என்று கேட்பதற்கு முன், ‘என் வண்டிக்கு எந்த ஆயில் ஊற்றுவீர்கள்?’ என்று கேளுங்கள். கேட்ட மாத்திரத்தில் ஒரு பிராண்டின் பெயரைச் சொல்லி முடித்துவிடுபவரைவிட, எந்த மாடல், எந்த ஆண்டு, பெட்ரோலா டீசலா, டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) உள்ளதா என்று உங்களிடம் திருப்பிக் கேட்பவரை நம்பலாம், ஏனென்றால் இவை தெரியாமல் அந்தக் கேள்விக்குச் சரியான பதிலே கிடையாது. கிரேடு என்று நாம் சொல்லும் 5டபிள்யூ-30 போன்ற குறியீட்டில், டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், பின்னால் உள்ள எண் எஞ்சின் சூடேறிய நிலையில் அது எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதையும் காட்டுகின்றன.

கிரேடு பொருந்தினால் மட்டும் போதாது. கேனின் பின்புறத்தில் தர வகையும் அச்சிடப்பட்டிருக்கும். ஏபிஐ என்ற அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் பெட்ரோல் எஞ்சின்களுக்கு வகுத்த தர வகைகளில் 2010-இல் எஸ்என் வந்தது. 2020-இல் எஸ்பி வந்தது. நேரடியாக எரிபொருளைப் பீய்ச்சும் டர்போ எஞ்சின்களில் குறைந்த வேகத்தில் எரிபொருள் முன்கூட்டியே பற்றிக்கொள்ளும் தொல்லையையும், வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் செயினின் தேய்மானத்தையும் மனத்தில் வைத்து எஸ்பி வகுக்கப்பட்டது. எஸ்என் கேட்கும் வண்டிக்கு எஸ்பி ஊற்றலாம். எஸ்பி கேட்கும் வண்டிக்கு எஸ்என் ஊற்றக் கூடாது. சில புதிய எஞ்சின்களில் டைமிங் பெல்ட்டே ஆயிலுக்குள் ஓடுகிறது. அவற்றில் பொருந்தாத ஆயிலை ஊற்றினால், பெல்ட்டின் ரப்பர் சிதைந்து, அதன் துணுக்குகள் ஆயில் உறிஞ்சும் வலையில் போய் அடைத்துக்கொள்ளும். டீசல் கார்களில் புகைக்குழாயில் துகள் வடிகட்டி இருந்தால், எரிந்தபின் சாம்பல் குறைவாக விடும் ஆயில்தான் வேண்டும். இத்தனையும் வாடிக்கையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால், கேட்டால் பட்டறையில் ஒருவராவது கையேட்டைப் புரட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்து, டிரம்மிலிருந்து ஊற்றுவார்களா, சீல் பிரிக்காத கேனிலிருந்தா என்று கேளுங்கள். டிரம் ஆயில் என்றாலே தரம் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். பெரிய சர்வீஸ் சென்டர்கள் பலவற்றிலும் அதுதான் நடைமுறை. ஆனால் அறிமுகமில்லாத இடத்தில், உங்கள் கண்ணெதிரே கேனைத் திறந்து, கடைசியில் மீதி ஆயிலோடு அதை உங்களிடமே கொடுத்துவிடுபவரிடம் ஏமாறும் வாய்ப்பு குறைவு. நாலு லிட்டர் கேனில் மூன்றரை ஊற்றினால் அரை லிட்டர் உங்களுடையதுதான்.

பக்கத்தில் நிற்பது அவமதிப்பா என்று கேட்டீர்கள். என்னைப் பொறுத்தவரை இல்லை. லிஃப்டின் அடியில் வந்து நிற்காதீர்கள், வேலை செய்பவரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்காதீர்கள், அவ்வளவுதான். எட்ட நின்று பார்ப்பவர் கவனிக்க வேண்டிய இடங்கள் சிலவே. எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போதுதான் ஆயிலை இறக்க வேண்டும், அப்போதுதான் அழுக்கோடு சேர்ந்து வடியும். சொட்டு நிற்கும் வரை பொறுக்க வேண்டும். டிரெயின் போல்ட்டைத் திரும்பப் பூட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருக வேண்டும். காற்றழுத்தத் துப்பாக்கியை எடுத்து நேராகப் போல்ட்டின் மேல் வைப்பவரைப் பார்த்தால், வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்றே சொல்வேன். எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான, அலுமினியத்தாலான சம்ப்பின் மரை அப்படித்தான் போகிறது. பல சிறிய கார்களில் அந்தப் போல்ட்டுக்குத் தேவைப்படும் முறுக்கு 25 முதல் 40 நியூட்டன் மீட்டர்தான். சக்கர நட்டுக்கு வேண்டியதில் பாதிகூட இருக்காது.

பழைய ஃபில்டரைக் கழற்றியதும், கசிவைத் தடுக்கும் அதன் ரப்பர் வளையமான கேஸ்கட் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும். அதைக் கவனிக்காமல் புதியதைப் பூட்டினால் இரண்டு கேஸ்கட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்து, ஓடும்போது ஆயில் மொத்தமாகப் பீறிட்டு வெளியேறிவிடும். எங்கள் பட்டறையிலேயே ஒரு முறை, கற்றுக்கொள்ள வந்த பையனின் கையில் இது நடந்தது. வண்டி வாசலைத் தாண்டும் முன்பே தெரிந்துவிட்டதால் தப்பித்தோம். ஊற்றி முடித்த பிறகு எஞ்சினை ஓட்டி, ஆயில் விளக்கு அணைகிறதா, கீழே கசிகிறதா என்று பார்த்து, நிறுத்தி, சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை உங்களிடமே காட்டுபவர் யாரோ, அவரிடம் அடுத்த முறையும் போகலாம்.

கணக்கேடு எழுதியது:

பட்டறைக்காரன் அவர்கள் சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரைப் பற்றி மட்டும் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனென்றால் நான்கு ஆண்டுகள் அங்கேயே விட்டுப் பிறகு தனியார் பட்டறைக்கு மாறியவன் நான்.

அங்கே உங்கள் வண்டிக்குரிய ஆயிலும் ஃபில்டரும் தவறாமல் கிடைக்கும். செய்த வேலை கணினியில் பதிவாகும். பின்னால் வண்டியை விற்கும்போது அந்தப் பதிவுக்கு மதிப்பு உண்டு. இவை உண்மையான நன்மைகள். ஆனால் போல்ட்டைத் திருகுபவர் யார் என்பது உங்களுக்குத் தெரியாது. உங்களிடம் பேசுபவர் ஆலோசகர். வேலை செய்பவர் கண்ணாடிக்கு அப்பால் இருப்பவர். ஆயில் மாற்றம் எளிய வேலை என்பதால், பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவரிடமே அது தரப்படுகிறது. பெயர்ப்பலகையைப் பார்த்து நிம்மதி அடைந்து, நான் டிப்ஸ்டிக்கைக்கூடத் தொடாமல் இருந்த ஆண்டுகள் உண்டு. அந்த ஆண்டுகளில் எனக்கு ஒன்றும் நேரவில்லை என்பதற்கு என் சாமர்த்தியம் காரணம் அல்ல.

உத்தரவாதம் இருக்கும் வண்டியானால், வெளியில் ஆயில் மாற்றினால் அது செல்லுமா என்பதை உத்தரவாதக் கையேட்டில் படித்துவிட்டு முடிவெடுக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனாலும் பில்லை ஒழுங்காக வாங்குங்கள். ‘எஞ்சின் ஆயில் 4 லிட்டர்’ என்பதை நான் பில்லாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆயிலின் பிராண்டு, கிரேடு, தர வகை, ஊற்றிய அளவு, ஃபில்டரின் பாக எண், அன்றைய ஓடோமீட்டர் அளவு ஆகியவை எழுதப்பட்டிருக்க வேண்டும். இப்படி எழுதித் தருமாறு முன்கூட்டியே கேட்டால், ஏமாற்ற நினைப்பவர் அங்கேயே தயங்குவார். எழுத்தில் ஒரு பொய்யைச் சொல்வது வாயால் சொல்வதைவிடக் கடினம்.

விளம்பரத்தில் மிகக் குறைந்த விலைக்கு ஆயில் மாற்றித் தருவதாகச் சொல்லும் இடங்களைப் பற்றியும் ஒரு சொல். அந்த விலையில் அவர்களுக்கு லாபம் நிற்காது. லாபம் உங்கள் வண்டி லிஃப்டில் ஏறிய பிறகு சொல்லப்படும் மற்ற வேலைகளில் இருக்கிறது. கறுத்துப்போன ஏர் ஃபில்டர் ஒன்றைக் கையில் எடுத்து வந்து காட்டுவார்கள். அது உங்கள் வண்டியுடையதுதானா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

மரைதிருகி எழுதியது:

நான் வீட்டிலேயே ஆயில் மாற்றிக்கொள்பவன். ஆனால் எல்லோரையும் அப்படிச் செய்யச் சொல்ல மாட்டேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பது உயிருக்கு ஆபத்து. தாங்கிகள் வேண்டும், சமதரை வேண்டும், இறக்கிய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல் மறுசுழற்சிக்கு எடுத்துக்கொள்ளும் இடத்தில் சேர்க்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைப் பட்டறையை எடைபோடவும் பயன்படுத்தலாம். பழைய ஆயிலை மூடியுள்ள பீப்பாயில் சேர்த்து வைக்காமல் பின்புறத்து மண்ணில் ஊற்றுபவர், உங்கள் எஞ்சினிடம் மட்டும் அக்கறையாக இருப்பார் என்று நான் நம்பவில்லை.

வேலையைப் பார்க்க வாய்ப்பில்லாதவர்களுக்கு என் யோசனை இது. வண்டியை விடுவதற்கு முந்தைய நாள், ஃபில்டர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால், அதன் பக்கவாட்டில் மார்க்கர் பேனாவால் ஒரு சின்னக் கோடு போட்டுவிடுங்கள். திரும்பி வந்தபின் கோடு இருந்தால் ஃபில்டர் மாறவில்லை. பழைய ஃபில்டரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டிப்ஸ்டிக்கையும் ஓடோமீட்டரையும் விடுவதற்கு முன்னும் பின்னும் செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில், எஞ்சினை முடுக்குவதற்கு முன், சமதரையில் மட்டத்தை மீண்டும் ஒருமுறை பாருங்கள். கீழே ஒரு பழைய அட்டையை இரவு விரித்து வைத்தால், கசிவு இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

நிறத்தை வைத்து முடிவு செய்வதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். பெட்ரோல் வண்டியில் புதிய ஆயில் சில நாட்களாவது தேன் நிறத்தில் தெரியும். டீசலிலோ, உள்ளே மிச்சம் நிற்கும் கரி புதிய ஆயிலைச் சிறிது தூரம் ஓடுவதற்குள்ளேயே கறுப்பாக்கிவிடும். என் மைத்துனர் இது தெரியாமல் ஒரு நல்ல மெக்கானிக்கோடு சண்டைக்குப் போய், பிறகு மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

பட்டறைக்காரன் எழுதியது:

மரைதிருகி அவர்களின் பேனாக்கோட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது தெரியவந்தால் நாணயமான மெக்கானிக்கின் மனம் நோகும். ‘பழைய ஃபில்டரையும் வாஷரையும் ஒரு பையில் போட்டு வையுங்கள், நான் எடுத்துக்கொள்கிறேன்’ என்று முன்பே சொல்லிவிட்டால், கோடே தேவைப்படாது. தவறு எல்லாமே திருட்டுப் புத்தியால் வருவதும் இல்லை. ஒரே நாளில் பதினைந்து வண்டிகளை முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் மறந்துபோவதும் உண்டு. மறந்ததை ஒப்புக்கொண்டு சரிசெய்து தருகிறாரா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

மரைதிருகி எழுதியது:

மனம் நோகும் என்பது உண்மைதான், ஐயா. ஆனால் இந்த நண்பருக்குப் பில் போட்டுக் கொடுத்தவருக்கு மறதி என்று எப்படிச் சொல்வது? மாற்றாத ஃபில்டருக்கு வாங்கிய பணம் மறதியில் சேராது. அறிமுகமான இடத்தில் உங்கள் முறை, அறிமுகமில்லாத இடத்தில் என் முறை என்று வைத்துக்கொள்வோம்.

நெடுவழிப்பயணி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கூடுதல் ஆயிலை உறவினரின் உதவியோடு அன்றே எடுத்துவிட்டோம். இன்னும் ஒரு சந்தேகம்: விசாரித்த இடம் ஒன்றில், ஆயில் மாற்றுவதற்கு முன் எஞ்சினுக்குள் ‘ஃப்ளஷ்’ திரவம் ஊற்றிக் கழுவுவது கட்டாயம் என்றார்கள். அது தேவைதானா?

பட்டறைக்காரன் எழுதியது:

கையேட்டில் சொல்லியிருந்தால் தேவை. சொல்லவில்லையென்றால், முறையாக ஆயில் மாற்றி வந்திருக்கும் எஞ்சினுக்குத் தேவையில்லை. பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்ட எஞ்சினில் அது படிவுகளைக் கட்டியாகப் பெயர்த்து, ஆயில் செல்லும் வழியை அடைத்த வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். கட்டாயம் என்று சொன்ன இடத்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.

நெடுவழிப்பயணி எழுதியது:

நேற்று வேலை முடிந்தது. விவரத்தைப் பதிவு செய்துவிடுகிறேன். மூன்று இடங்களுக்குப் போன் செய்தேன். ஒருவர் விலையை மட்டும் சொன்னார். இன்னொருவர் ஃப்ளஷ் கட்டாயம் என்ற அதே நபர். மூன்றாமவர் என் வண்டியின் ஆண்டையும் எஞ்சினையும் கேட்டுவிட்டு, தொடர்பிலேயே காத்திருக்கச் சொல்லி, 5டபிள்யூ-30 எஸ்பி என்று பார்த்துச் சொன்னார். கையேட்டில் எஸ்என் என்று இருந்ததைச் சொன்னபோது, எஸ்பி அதற்கும் செல்லும் என்று பட்டறைக்காரன் அவர்கள் இங்கே எழுதிய அதே விளக்கத்தைத் தந்தார்.

நான் எட்ட நின்று பார்த்தேன். அவராகவே என்னை அழைத்து, போல்ட்டின் மரை பாதி நசுங்கியிருப்பதையும், சம்ப்பின் உள்மரை நல்லவேளையாகத் தப்பித்திருப்பதையும் விளக்கடித்துக் காட்டினார். புதிய போல்ட்டும் வாஷரும் போட்டார். பழைய வாஷரைத் தேடியபோதுதான், முந்தைய பட்டறையில் வாஷரே போடாமல் பூட்டியிருந்தது தெரிந்தது. கறைக்குக் காரணம் அதுதான் என்றார். அட்டையை இரவு முழுவதும் விரித்து வைத்திருந்தேன். காலையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. பேனாக்கோடு போடவில்லை, ஆனால் பேனாவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனேன்.